அசல் சக்கரத்துக்கு முதல் பரிசு

“காத்து அடிக்க மாட்டேன்னா மாட்டேன். கூடப்பிறந்த அண்ணனா இருந்தாலும் அடிக்க மாட்டேன்!”

டயர்க்கடைத் தங்கை காற்றுக் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

வாசலில் அண்ணனின் பச்சை லாரி நின்றது. வயது எழுபது. அண்ணனுக்கு இல்லை, லாரிக்கு. ஹாரன், கதவுப்பிடி, கண்ணாடி எல்லாமே கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தன. சக்கரமும் அப்படியே. வம்பே அங்கேதான்.

அந்தக் காலத்துச் சக்கரம் ஒரே துண்டாக இருக்காது. டயர் கழன்று வராமல் ஓர் இரும்பு வளையம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அது அரித்துப் போனால் காற்று அடிக்கும்போது தெறிக்கும். குறுக்கே தலை இருந்தால் தலையும் சேர்ந்து போகும்.

“வளையம் அரிச்சுப்போச்சுண்ணா. இந்த லட்சணத்துல அண்ணியையும் பிள்ளைங்களையும் வேற ஏத்திக்கிட்டுச் சுத்தறே. ஸ்டெப்னியோட சேர்த்து ஏழு புதுச் சக்கரம் வாங்கி வச்சு மூணு மாசம் ஆகுது. அரை நாள் வேலை, மாட்டிடறேன்.”

“எழுபது வருஷமா தெறிக்காதது இன்னிக்குத்தான் தெறிக்கப்போகுதா?”

“தெறிக்கிறதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லி அனுப்புமா?”

“உனக்கு விஷயமே தெரியலை. ஞாயிற்றுக்கிழமை பழைய லாரிப் போட்டி. வர்ற நடுவர் அசல் சக்கரத்துக்குத்தான் முதல் பரிசு கொடுப்பாராம். போன ஊர்லயும் அப்படித்தானாம். நம்ம ஊர்ல எல்லாரும் பயந்துபோய் மாத்திட்டாங்க. அசல் இருக்கிறது என் ஒருத்தன்கிட்டதான்!”

“அண்ணா...”

“உன் புதுச் சக்கரத்தை நீயே உருட்டி விளையாடு.”

அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வேறு எந்தக் கடையில் காற்று அடித்தாரோ தெரியவில்லை.

அவளுக்கு அண்ணனைவிட அந்த நடுவர் மேல்தான் ஆத்திரம். அண்ணன் முட்டாள், சரி. ஊர் ஊராகப் போய் எமனுக்குப் பரிசு கொடுக்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் நடுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு லாரியாகக் குனிந்து குனிந்து சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பச்சை லாரியிடம் வந்ததும் குழந்தைக்குக் கன்னம் தட்டுவது போல் வளையத்தைத் தட்டினார். அண்ணன் பூரித்துப்போனார்.

தங்கை அவரை ஓரமாக மடக்கினாள்.

“ஐயா, அந்தப் பச்சை லாரிக்கு மட்டும் பரிசு கொடுத்துடாதீங்க.”

“ஏம்மா, பக்கத்து வண்டி உங்களுதா?”

“இல்லை. அதுவே எங்க அண்ணன் வண்டிதான்.”

நடுவரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. “அண்ணன் தோக்கணும்னு சிபாரிசுக்கு வந்த தங்கச்சியை இப்பத்தாம்மா பாக்கறேன்.”

“ஜெயிச்சுட்டா இந்த ஜென்மத்துல மாத்தவே மாட்டார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. உங்களுக்கு அது அசல் சக்கரம். எனக்கு அவர் ஒரே அண்ணன்யா.”

நடுவர் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

“அசல்னா அசல்தாம்மா” என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டார். சரியான கல்நெஞ்சக்காரர்.

“முதல் பரிசு, பச்சை லாரி!”

அண்ணன் மேடைப் படியை இரண்டிரண்டாகத் தாவினார். அண்ணி விசிலே அடித்துவிட்டாள். தங்கைக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடுவர் மைக்கைப் பிடித்தார். “இவ்வளவு அருமையான அசல் சக்கரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இது ரோட்டில் தேயலாமா? பள்ளத்தில் விழலாமா?”

“கூடாது!” முதலில் கத்தியது அண்ணன்தான்.

“ஸ்டெப்னி உட்பட ஏழையும் எங்கள் பழைய லாரிச் சங்கத்துக் கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்து, இவர் பெயரும் படமும் போடப்போகிறோம். ஆனால் இன்றைக்கே வேண்டும். தருவாரா?”

அண்ணனுக்குக் குரல் தழுதழுத்தது. “படம் எத்தனை பெரிசா போடுவீங்க?”

“சக்கரம் அளவுக்கு.”

அடுத்த நிமிஷம் மேடையிலிருந்து குதித்து வந்து தங்கையை உலுக்கினார் அண்ணன். “என்ன மரமாட்டம் நிக்கிறே? ஓடு, அந்தப் புதுச் சக்கரம் ஏழையும் எடுத்துட்டு வா. மொதல்ல காத்தை முழுசா இறக்கு, அப்புறம் கழட்டு. வளையத்துக்கு ஏதாவது ஆச்சு, தொலைச்சுடுவேன்!”

ஜாக்கியைத் தேடிக்கொண்டு அவரே ஓடினார்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். நடுவர் பக்கத்தில் வந்து நின்று சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்க ஊர் ஊரா இதைத்தான் செஞ்சுட்டு வர்றீங்களா?”

“இது ஒன்பதாவது ஊரும்மா. புத்தி சொன்னா ஒருத்தரும் கழட்டறதில்லை. புகழ்ந்து பாருங்க, அவங்களே ஜாக்கி போட்டுத் தூக்கறாங்க.”

“இப்படிச் செஞ்சாதான் கேப்பாங்கன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?”

நடுவர் சட்டைக் கையை மெல்லச் சுருட்டினார். முழங்கையிலிருந்து தோள்வரை ஒரு தழும்பு ஓடியது.

“என் தங்கச்சியும் தலைபாடா அடிச்சுக்கிட்டாம்மா. எனக்குப் பரிசு கொடுக்கத்தான் அன்னிக்கு ஆள் இல்லாமப் போச்சு.”