சிவப்புக் கையுறை

"ஏடி மாரி, ஒம் வீட்டுக்காரரு அங்க போயி குட்டையாயிட்டாரா? எல்லாத்தையும் இடுப்பு ஒசரத்துல இருந்தே காட்டுறாரு."

அழகுத்தாய் சொன்னதும் கொட்டகையே சிரித்தது. சக்குபள்ளத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கும் அந்தக் கொட்டகைக்கு, புதன்கிழமை தேநீர் நேரமானால் இங்கிலாந்தின் டர்ஹாம் நகரமே வந்துவிடும். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு அங்கே போயிருக்கும் ஜெகனுக்கு அன்று விடுமுறை. வீடியோ அழைப்பில் ஊரைச் சுற்றிக் காட்டுவான். அவன் மனைவி மாரீஸ்வரி போனை ஒரு சாக்கு மூட்டையில் சாய்த்து வைப்பாள். மற்ற பெண்கள் கழுத்தை நீட்டிக்கொள்வார்கள்.

மூன்று வாரத்தில் ஆறு, பாலம், கோட்டை எல்லாம் பார்த்தாயிற்று. அவ்வளவு பெரிய ஆற்றில் துணி துவைக்க ஒரு கல்லைக்கூடக் காணோமே என்று ரோசி வருத்தப்பட்டிருந்தாள். இன்று, தொள்ளாயிரம் வருடம் தாண்டிய பேராலயம்.

"கதவுல சிங்க மூஞ்சி தெரியுதா? அது வாயில ஒரு வளையம். அந்தக் காலத்துல தப்பு செஞ்சவன் ஓடியாந்து இதைப் பிடிச்சுட்டா, முப்பத்தேழு நாளைக்கு ஒருத்தரும் அவனத் தொடக்கூடாதாம்" என்றான் ஜெகன்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கி அனுப்பச் சொல்லு" என்றாள் ரோசி. "தெனமும் சாயங்காலம் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

மாரீஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊரைக் காட்டு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சொந்த ஊர்க் கோயில் கொடை எந்த மாதம் என்பதே நினைவில்லாத மனிதர், அங்கே கல்லுக்குக் கல் கதை சொல்கிறார். ஐம்பது கிலோ மூட்டையோடு தோட்டத்து மேட்டில் ஏறியவருக்கு ஒரு தெருவில் ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒரு பெண் குரல் மெல்லக் கேட்கிறது. யார் என்று விசாரித்தால், டூரிஸ்ட்டுகள் என்கிறார். காலையில் விளக்கேற்றும்போது, என்னைத் தப்பாக எதுவும் நினைக்க வைத்துவிடாதே தாயே என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு கோபுரத்தைச் சுட்டியது. சிவப்புக் கம்பளிக் கையுறை போட்ட, மெலிந்த பெண் கை.



"அது யாரு கை?" என்றாள் மாரீஸ்வரி.

"அப்புறமாச் சொல்றேன் மாரி."

"அப்புறமா வேணாம். இப்பப் போனைத் திருப்புங்க. இல்லாட்டி இனிமே கூப்பிடாதீங்க."

ஜெகன் ஆங்கிலத்தில் யாரிடமோ கெஞ்சினான். படம் ஆடி ஆடித் திரும்பியது. சக்கர நாற்காலியில், கழுத்துவரை போர்வை சுற்றிக்கொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்தபடி எண்பது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள். பின்னால் நாற்காலியின் பிடியைப் பற்றியபடி ஜெகன். அந்த அம்மாள் கூச்சத்தோடு சிவப்புக் கையுறையை அசைத்தாள். முதலில் கும்பிட்டது அழகுத்தாய்தான்.

"நான் பாத்துக்குற அம்மா. மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டாங்க, அதான் சொல்லல" என்றான் ஜெகன்.

மாரீஸ்வரிக்குத் தன்மேல் வந்த வெட்கம் அவன்மேல் கோபமாகப் பாய்ந்தது.

"எனக்கு ஊரைக் காட்டுறதுக்காக வயசான மனுசியக் குளிர்ல இழுத்துக்கிட்டுத் திரியுறீங்களா? மொதல்ல வீட்டுல கொண்டுபோய் விடுங்க. எனக்கு எந்த ஊரும் பாக்க வேணாம்."

"அப்படி மட்டும் சொல்லிராத மாரி." ஜெகனின் குரல் தாழ்ந்தது. "உனக்காக இவங்களக் கூட்டிட்டு வரல. இவங்களுக்காகத்தான் உன்னக் கூட்டிட்டு வர்றேன். இவங்க வீட்டுக்காரரு தவறிப்போனதுலேருந்து ரெண்டு வருசமா வாசப்படி தாண்டல. எம் பொண்டாட்டிக்கு உங்க ஊரப் பாக்க ஆசை, எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னேன். அன்னிக்குத்தான் கம்பளிக் கோட்டு எடுத்து மாட்டுனாங்க. இன்னிக்கோட காட்ட வேண்டியதெல்லாம் முடிஞ்சுதாம். இனி வெளிய வரலையாம்."

மாரீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை இரண்டு கைகளாலும் எடுத்தாள்.

"அந்தச் சிங்க வளையத்த நான் சரியாவே பாக்கலன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. எனக்கு ஆறும் பாலமும்கூட மறந்துபோச்சு, அடுத்த புதன்கிழமை மொதல்லேருந்து காட்டணும்னு சொல்லுங்க."