நாற்பத்தொரு நூல்கண்டு

கொத்தனார் தன் மனைவிக்குத் தர வேண்டிய கடன் நாற்பத்தொரு நூல்கண்டு.

வசந்தம் வந்தால் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்ட, அவளுடைய பூவேலை நூலைத்தான் எடுப்பார். அவளும் விடமாட்டாள்.

"மறுபடியும் என் நூல்ல கை வச்சாச்சா? தோட்டத்துல மண்ணு கொத்தவே எனக்குப் பொழுது சரியாப் போகுது, தையல் பாதியில கிடக்குது. இதுல திருட்டு வேற!"

இந்த வருடம் கூலி வாங்கியதும் நாற்பத்தொரு கண்டையும் மொத்தமாக வாங்கி வந்துவிட்டார்.

"இந்தா. தோட்டத்தை நான் பாத்துக்கிறேன், நீ உக்காந்து தை. முதல்ல இந்தச் சட்டைக் கிழிசல். கல்யாணமான புதுசுல ஒரு மஞ்சள் பூ போட்டு மறைச்சியே, அதே மாதிரி."

அவள் ஊசியை எடுத்தாள். நூல் ஊசிக் காதுக்கு வெளியிலேயே நழுவிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி போட்டும் தெரியலைங்க. தையலை விட்டு நாலு வருஷமாச்சு. அப்புறம் வாங்கின நூலெல்லாம் உங்க செடிக்குன்னுதான் வாங்கி வச்சேன்."

"அப்புறம் எதுக்குடி அவ்வளவு திட்டு?"

"திட்டலைன்னா, ஏன் தைக்கலைன்னு கேட்டிருப்பீங்களே."

சிமெண்டில் வெடித்த விரல்களால் அவரே நூல் கோத்தார். அவள் சொல்லச் சொல்லத் தைத்தார். முடிந்ததும் அவள் பூவைத் தடவிப் பார்த்தாள்.

"சுவர் கட்டுற ஆளு, இதழ் இவ்வளவு கோணலா? சரி போங்க, கடன் தீந்துச்சு."