பெயர் சொல்லிக் கேட்ட கேள்வி

"என் புருஷன் பேரை மட்டும் எடுத்துருங்க சாமி! உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

பேச்சியம்மா நிஜமாகவே காலில் விழப் போனாள். வக்கீல் மருதாசலம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

குன்னூர் கடைவீதியில் நூருல்லாவின் ஜவுளிக்கடை மாடி அது. சட்டசபையில் எதிர்க்கட்சி உறுப்பினரான மருதாசலம் மலைக்கு வந்தால் தங்குவது அங்கேதான். கோடை வந்துவிட்டால் கவர்னர் முதல் குமாஸ்தா வரை எல்லாரும் ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். கீழே வெயிலில் வேகிறவர்களுக்கான சட்டங்கள் மேலே கம்பளிக் கோட்டுக்குள் தயாராகும். அந்த வருஷம் சபையும் ஊட்டியிலேயே கூடியிருந்தது.

"எந்திரி அம்மிணி. பேரை எடுக்க முடியாது. கேள்வியக் குடுத்தாச்சு."

"அவரு என்னங்க தப்புப் பண்ணுனாரு? ஆத்தா செத்துப்போச்சுன்னு லீவு கேட்டாரு. துரை குடுக்கலை. சொல்லாமக் கெளம்பிட்டாரு. அடிவாரத்துக் கல்லாறு தாண்டலைங்க, அதுக்குள்ள கங்காணி சின்னராஜ் ஆளு விட்டுப் புடிச்சுட்டு வந்து பழைய தேயிலைப் பெட்டிக் கொட்டகையில அடைச்சுட்டாரு."

"தெரியும். நூருல்லா பாய் சொன்னாரு. அதைத்தான் சபையில கேக்கப் போறேன்."

ஒப்பந்தக் காலம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போகிற கூலியாளைப் போலீஸ் பிடித்து ஜெயிலில் போடலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. அதை மேலும் சில வருஷம் நீட்டிக்க சர்க்கார் திட்டம் போட்டிருந்தது. மருதாசலம் அதைப் பொதுவாக எதிர்த்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் தோட்டத்தின் பெயரையும் அவள் புருஷன் இசக்கியின் பெயரையும் போட்டு, 'இந்த ஆள் அடைத்து வைக்கப்பட்டிருப்பது சர்க்காருக்குத் தெரியுமா?' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க கேட்டுட்டுக் கோயமுத்தூர் போயிருவீங்க. அந்தக் கேள்வி சுத்திச் சுத்தி எங்க துரைகிட்டயே வந்துருச்சுங்களே! கலெக்டரு துரையைக் கேட்டாராம், துரை கங்காணியக் கேட்டாராம். 'துரை கொதிச்சுப் போயிருக்காரு, இனி உன் புருஷனை மறந்துரு'ங்கறாரு கங்காணி. கொன்னு போட்டுருவாங்க சாமி!"

"துரை கைக்குக் கேள்வி எப்ப வந்துச்சு?"

"நேத்துங்க."

"சரி. புதன்கிழமை சர்க்கார் பதில் சொல்லும்."

அவ்வளவுதான். கோர்ட்டில் வாய்தா வாங்கியவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க கட்சி பேரெடுக்க என் புருஷன் உசுருதானா கெடச்சுது?" என்று பேச்சியம்மா கத்திவிட்டு இறங்கினாள். படிக்கட்டில் நின்றிருந்த நூருல்லாவும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை விடியும்போது பனி இன்னும் கூலிக்காரர்களின் லைன் வீடுகளை விட்டு விலகவில்லை. கங்காணி கதவைத் தட்டினான்.

"மூட்டையக் கட்டு. சத்தம் போடாத."

வெளியே தேயிலை லாரி நின்றது. பெட்டிகளுக்கு நடுவே இசக்கி கிடந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அவள் ஏறியதும் மேலே தார்ப்பாயை இழுத்து மூடினார்கள்.

"எங்கேங்க கொண்டு போறீங்க?"

"வாய மூடு!"

லாரி மலையிறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பள்ளம் தெரிந்தது. ஒரு வளைவில் லாரி நின்றது. கங்காணி இறங்கி, பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஆள் நடமாட்டமே இல்லை.

"பேச்சி, கண்ண மூடிக்க" என்றான் இசக்கி. அவள் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தள்ளினால் இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளட்டும்.

டிரைவர் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினான். லாரி மறுபடி கிளம்பியது.

மேட்டுப்பாளையம் ரயிலடிக்குக் கொஞ்சம் தள்ளி இருவரையும் இறக்கிவிட்டார்கள்.

"இனி மலைப்பக்கம் தலை காட்டுனீங்க, தொலச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு கங்காணி லாரியில் தொற்றிக்கொண்டான்.

பேச்சியம்மா லாரி போன திசையையே பார்த்தாள். இது என்ன சூழ்ச்சி? ஓடி வந்துவிட்டதாகச் சொல்லிப் போலீசை ஏவி விடவா? பின்னால் யாரோ வேகமாக வரும் காலடி கேட்டதும் அவள் இசக்கியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

வந்தது நூருல்லா. கையில் அவர்கள் ஊரான திருநெல்வேலிக்கு இரண்டு டிக்கெட்.

"நேத்துலேருந்து இந்த ரயிலடியிலயே காத்துக்கிட்டு நிக்கறேன் தங்கச்சி. வக்கீலய்யா வாங்கச் சொன்ன டிக்கெட்டு. சீக்கிரம் ஏறுங்க."

"போலீசு புடிச்சு ஜெயில்ல போட்டுருமுங்களே பாய்!"

"யாரைப் புடிக்கும்? 'இசக்கின்னு ஒரு ஆளே எங்க தோட்டத்துல இல்ல'ன்னு துரை எழுதிக் குடுத்து, சர்க்காரே அதை இன்னிக்குச் சபையில படிக்குது. பொய்யின்னு யாரும் வந்து பாத்துரக் கூடாதுல்ல, அதான் உங்களை அவசரமா எறக்கி விட்டுட்டாங்க. அதுக்குத்தான் ஐயா பேரைப் போட்டுக் கேட்டாரு. முன்னாடியே சொல்லியிருந்தா உன் மூஞ்சியில பயம் இருந்திருக்காது, கங்காணி மோப்பம் புடிச்சிருப்பான்."

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுகறத ரயில்ல வச்சுக்கம்மா" என்றார் நூருல்லா. "அங்க இன்னும் யாரை அடைச்சு வச்சிருக்காங்கன்னு பேரைச் சொல்லு. ஐயா இன்னிக்கே அடுத்த கேள்வியக் குடுக்கணுமாம்."