பதினோரு புள்ளிகள்

விளையாட்டுச் செய்திகளுக்குத் தரம் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் இதழியல் மாணவி பிரிசில்லாவின் ஆய்வு. நாற்பது செய்திகளில் ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. கபடிப் போட்டியில் இசக்கிமுத்து பதினோரு புள்ளிகள் எடுத்து அணியை வெல்ல வைத்தானாம். அதே நாளிதழிலோ, அதற்கு முந்தைய வாரமே அவன் லாரி மோதி இறந்த செய்தி வந்திருந்தது.

நிருபரைக் கேட்டாள். "கிரவுண்டுக்கெல்லாம் யாரும்மா போறா? ஏழாம் நம்பர் பதினோரு பாயின்ட்டுன்னு போன்ல சொன்னாங்க. பழைய லிஸ்ட்ல ஏழுக்கு நேரா இருந்த பேரப் போட்டுட்டேன்."

மதிப்பெண் தாளில் 'பாதிக்கப்பட்டோர் கருத்து' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்காக இசக்கிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவனுடைய அப்பா, அக்கம்பக்கத்தார் காட்டிய அந்தச் செய்தியைக் கத்தரித்து, மாலை போட்ட படத்தின் சட்டத்தில் செருகி வைத்திருந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. நீ ஒரு தடவ வாசியேன்."

வாசித்தாள். பதினோரு புள்ளிகள் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கடைசியா ஆடுன ஆட்டத்துல ஒண்ணுகூட எடுக்கலன்னு சாப்பிடாமப் படுத்துக் கிடந்தான்" என்றார் அவர். "இன்னொரு தடவ வாசிம்மா."

மடியிலிருந்த மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலைப்பிலிருந்து தொடங்கினாள்.