தரகர் நேசமணிக்கு முழு டேங்க்

அத்தியாவசியப் பணியாளர்களுக்கான வரிசையில் கல்யாணத் தரகர் நேசமணி நின்றுகொண்டிருந்தார்.

பாவம், தெரியாமல் நின்றுவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். தலைக்கு மேலேயே போர்டு தொங்கியது. டாக்டர், நர்ஸ், போலீஸ், பால், பத்திரிகை, கரண்ட் ஆபீஸ். இவர்களுக்கு மட்டும் இந்த வரிசை, ஆளுக்கு இரண்டு லிட்டர். மற்றவர்கள் அந்தப் பக்கம். அந்தப் பக்க வரிசை ஸ்ரீவராகம் தெரு முக்கையும் தாண்டிப் போயிருந்தது.

யார் அத்தியாவசியம், யார் இல்லை என்று முடிவு செய்வது பெட்ரோல் போடுகிறவனின் பொறுப்பு. பொல்லாத வேலை என்பதால் எங்கள் பெட்ரோல் பங்கில் ஆள் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். முந்தாநாள் உமாசங்கர், நேற்று தங்கபாண்டி, இன்று நான். காவலுக்கு வந்த போலீஸ்காரர் போனில் மூழ்கியிருந்தார்.

தட்டுப்பாடு என்று வந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் அத்தியாவசியம் இல்லாத ஆளே கிடையாது. காலையில் ஒருவன் ஜவுளிக்கடை யூனிஃபார்மும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக வந்தான். மகளுடையதாம். அனந்தபத்மநாபன் வாத்தியார் வந்து, ஒரு வீட்டில் திவசம், பித்ருக்கள் காத்திருக்கிறார்கள் என்றார். செத்தவர்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று போலீஸ்காரர் அவரை அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். மதுக்கடையில் பில் போடுகிறவர் வந்தபோது மட்டும் யாரும் கார்டு கேட்கவில்லை. இரண்டு வரிசையும் ஒரே மனதாக வழிவிட்டது.

இப்போது நேசமணி.

வள்ளியூரிலிருந்து நான் பிழைக்க வந்த காலத்திலிருந்து என் போட்டோ அவர் பையில்தான் கிடக்கிறது. எனக்கு முன்மண்டை காலியாகிவிட்டது. போட்டோவில் இன்னும் நிறைய முடி இருக்கிறது. பையன் என்ன செய்கிறான் என்று பெண் வீட்டில் கேட்பார்களாம். பெட்ரோல் பங்க் என்று இவர் சொல்வாராம். முதலாளியா என்பார்களாம். இல்லை, பெட்ரோல் போடுகிறவன் என்றதும் உள்ளே காபி கலக்கும் சத்தம்கூட நின்றுவிடுமாம். இதையெல்லாம் என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்வார்.

சோற்றுக்காகக் கல்யாணம் தேடுகிறான் என்பார்கள். எனக்கே நன்றாகச் சமைக்க வரும். வேலை முடிந்து அறைக்குப் போனால், ஏன் இவ்வளவு நேரம் என்று கோபப்பட ஒரு ஆள் வேண்டும். அது இல்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

"கார்டு?" என்றேன் விறைப்பாக.

நேசமணி பைக்கிலிருந்தபடியே என் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"நயினாரே, பொன்முடி எஸ்டேட்ல ஒரு பிள்ளை இருக்கு கேட்டியா. தையல் படிச்ச பிள்ளை, தங்கமான குணம். அவ அப்பன் சொல்லுதாரு, கவர்மெண்ட் மாப்பிள்ளை எல்லாம் இப்பம் நடந்துல்லா போறான், பெட்ரோல் பங்குல நிக்கிற பையனாட்டு பாரும்னு. ஜாதகம்கூட வேண்டாமாம். நான் இன்னிக்கே போய் வாக்கு குடுக்கணும், ஞாயித்துக்கிழமை நீ வந்து பிள்ளையப் பாரு. மேல வளைவு வளைவா ஏறணும் மக்கா. ரெண்டு லிட்டரு அடிவாரத்துல கல்லாறோட தீர்ந்துரும்."

பங்குல நிக்கிற பையன். இத்தனை வருஷத்தில் என் வேலைக்காகவே என்னை ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போலீஸ்காரர் அந்த நேரம் பார்த்துப் போனிலிருந்து தலையைத் தூக்கி, இவர் யார் என்றார்.

டாக்டர் என்றேன்.

என்ன டாக்டர் என்றார்.

பிரசவ டாக்டர் என்றேன். பெரிய பொய் என்றும் சொல்லிவிட முடியாது. நேசமணி போன்றவர்கள் ஒழுங்காக வேலை பார்த்தால்தானே அந்த டாக்டர்களுக்கு வேலை.

டேங்கின் கழுத்து வரை நிரப்பினேன். பின்னால் நின்ற நர்ஸ் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பக்க வரிசையிலிருந்து இரண்டு மொழிகளிலும் கெட்ட வார்த்தைகள் வந்தன. வாத்தியார்கூட ஏதோ சொன்னார், நல்லவேளை அது சமஸ்கிருதம். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனதில் நான் ஏற்கெனவே நல்ல சட்டை போட்டுக்கொண்டு பொன்முடி ஏறிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் பெட்ரோல் தீர்ந்தது. கூட்டம் கலைந்ததும் முகம் கழுவி, இருக்கிற முடியைச் சீவிக்கொண்டு மேனேஜர் ஆஷா மேடத்தின் அறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும், பொன்முடி வரை போக வேண்டியிருக்கிறது என்றேன்.

மேடம் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார்.

"நீயும் பொன்முடியா? உமாசங்கர் கேட்டாச்சு, தங்கபாண்டி கேட்டாச்சு. எல்லாரும் போயால் இவிட பம்பு ஆரு நோக்கும்? ஞாயித்துக்கிழமை அங்க எந்தா, உத்ஸவமா?"

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. முந்தாநாள் உமாசங்கர், நேற்று தங்கபாண்டி, இன்று நான், மூன்று பேருக்கும் அதே பெண். நேசமணியைத் தேடிப்பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஜன்னலுக்கு வெளியே தங்கபாண்டி ஒரு பைக்கின் கண்ணாடியில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டை விசிலடித்தான். ஒரே அறையில் இத்தனை காலம் படுத்து எழுந்திருக்கிறோம், அவனுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் அந்த விசில் நின்றுவிடும்.

"உத்ஸவம்தான் மேடம்," என்றேன். "அவங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும். எனக்கு லீவு வேண்டாம்."