நாய் குரைக்கும் இடம்

"அம்மா, கம்ப்யூட்டருக்குள்ள நாய் எதுக்கு?" என்று சல்தனத்தின் ஆறு வயது மகள் அக்மோர் ஒருநாள் அவள் வேலை செய்யும் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் சல்தனத் வேலை பார்க்கும் அலுவலகம், ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளைப் பராமரித்தது. அதை எழுதிய ஜிர்கலை எல்லோரும் மரியாதையாக 'பைகே', அதாவது அண்ணன், என்பார்கள்; அவர் தொலைவில் நாரின் ஊரில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்பவர். நீளமான நிரலைப் பகுதி பகுதியாக மடித்து மறைத்து வைக்க, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அடையாளம் வேண்டும். மற்றவர்கள் மூன்று அடைப்புக்குறி போடுவார்கள். ஜிர்கல் மட்டும் 'நாய் குரைக்கிறது' என்று தொடங்கி, 'நாய் அடங்கியது' என்று முடிப்பார்.

பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், மாற்று என்றார் மேலாளர் எர்மெக். ஒரே காலையில் எல்லா நாய்களையும் அடைப்புக்குறிகளாக மாற்றினாள் சல்தனத்.

அன்றிலிருந்து ஜிர்கலுக்கு வேலை ஓடவில்லை. சின்னப் பிழை ஒன்றைத் திருத்த நான்கு நாளாகத் திணறினார்.

"நாய் ஓடிப்போச்சு, மேய்ப்பர் ஆட்டையும் தொலைச்சுட்டார்" என்றான் பக்கத்து மேசை தாலாய். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் ஜிர்கலை வேலையிலிருந்து நிறுத்திவிடப்போவதாக எர்மெக் சொல்லிவிட்டார்.

சல்தனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த மாதம் அவள் தவறுதலாக அழித்த ஊர்ப் பட்டியலை, ஒருவருக்கும் சொல்லாமல் மீட்டுத் தந்தவர் அவர். தான் எழுதியதிலேயே ஒரு மனிதருக்கு எப்படி வழி தப்பும்?

வெள்ளி மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் போன் செய்தாள்.

"பைகே, எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"பகுதி எங்க தொடங்குதுன்னே தெரியலம்மா."

"மூணு அடைப்புக்குறி இருக்கே, பாருங்க."

அவர் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பெண்குரல் ஏற்ற இறக்கமில்லாமல் விடுவிடுவென்று எதையோ வாசித்துக்கொண்டிருந்தது.

"யாரு பைகே வாசிக்கிறது?"

"கம்ப்யூட்டர்தான். வார்த்தையெல்லாம் வாசிக்கும், அடைப்புக்குறியைச் சொல்லாமத் தாண்டிடும்." தயங்கினார். "பனியில வழி தெரியலேன்னா, நாய்ச் சத்தத்தை வச்சுத்தானே வீடு வந்து சேருவோம்? எனக்குப் பார்வை போய் ரெண்டு வருஷமாச்சும்மா. எர்மெக்குக்குத் தெரிய வேணாம்."

ஆளில்லாத அறையில், போனை வைக்காமலே, நாய்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதத் தொடங்கினாள் சல்தனத். சற்று நேரத்தில் மறுமுனையில் அந்தப் பெண்குரல் வாசித்தது: "நாய் குரைக்கிறது."