ஒரு முழு நிமிடம்

அவள் கைப்பேசியில் நோயாளியின் குறிப்புத் தாள் படத்தை மறுபடியும் பெரிதாக்கினாள்.

நாடி எண்பத்தெட்டு. மறுநாள் தொண்ணூற்றாறு. பிறகு நூற்று நான்கு. இன்று காலை நூற்றுப் பன்னிரண்டு.

பக்கத்தில், மூச்சு என்ற கட்டத்தில், நான்கு நாளும் பதினெட்டு.

பொன்னுத்துரை சார் இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பியவர். அவரைப் பார்த்துக்கொள்ள அவள் அனுப்பிய நர்ஸ், பெனிட்டா. பெனிட்டா தினமும் படமெடுத்து அனுப்பும் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ‘அப்பா நலம்’ என்று சென்னையிலிருக்கும் அவர் மகளுக்கு எழுதியவள் இவள்தான்.

பதினெட்டை அவள் அறிவாள்.

பத்தொன்பது ஆண்டுகள் வார்டில் அவளும், எண்ணாமலே, அதைத்தான் எழுதினாள். நாடிக்கு விரல் வைத்தாக வேண்டும். மூச்சுக்கு நின்று பார்க்க வேண்டும். நாற்பது கட்டில்களுக்கு நடுவே யார் நிற்பது?

முதல் வாரம் அவள் நின்றாள். மூத்த சிஸ்டர் கேட்டார்:

“மூச்ச எண்ணிக்கிட்டு நின்னா, மாத்திரைய யாரு, உங்க அம்மையா வந்து குடுப்பா? பதினெட்டுன்னு போட்டுட்டு வா.”

பின்னாளில் தன்கீழ் வந்த பெண்களிடம் அவளும் அப்படியே சொன்னாள். சிரித்துக்கொண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் சேவையைச் சொந்தமாகத் தொடங்கியபோது, வார்டை விட்டு அவளோடு வந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்; பெனிட்டாவும்.

பெனிட்டாவை அழைத்தாள்.

“சாரு நல்லா தூங்குதாரு சிஸ்டர். எழுப்பட்டுமா?”

“எழுப்பாத. போர்வைய வெலக்கி நெஞ்சப் பாரு. முழுசா ஒரு நிமிஷம். சத்தமா எண்ணு.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

பிறகு எண்கள்.

அவள் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தபடி நின்றாள்.

எண்கள் நெருங்கி நெருங்கி வந்தன. பத்தில் இயல்பாக இருந்த குரல் இருபதில் தணிந்தது. முள் அப்போதுதான் பாதி வட்டத்தை எட்டியிருந்தது.

“முப்பத்தெட்டு, சிஸ்டர்.”

“தலைமாட்ட ஒசத்தி வை. ஆம்புலன்ஸ நான் அனுப்புதேன்.”

“சிஸ்டர்… அந்தத் தாளக் கிழிச்சிட்டு வேற எழுதிரட்டுமா? யாருக்குத் தெரியப் போவுது?”

தாளின் தலைப்பில் அவளுடைய நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தது.



“வேண்டாம். அத அப்படியே டாக்டர்கிட்ட குடு. கேட்டா, நான் சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லு.”

ஆம்புலன்சை அழைத்தாள். பிறகு மகளை. எதையும் மறைக்கவில்லை. மகள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மற்ற பதினொரு வீடுகளிலிருந்தும் காலைப் படங்கள் வந்து கிடந்தன.

அவள் அவற்றைத் திறக்கவில்லை.

அந்த வீடுகளிலிருக்கும் நர்ஸ்களின் பட்டியலில் முதல் எண்ணை அழுத்தினாள்.